மணிக்கட்டில் ஒரு நேரம்

திருமலையில் மொட்டை போட்டுக்கொண்டு, புஷ்கரிணியில் முங்கி எழுந்து, ஈர வேட்டியோடு கரையேறும் ஒரு மனிதரை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே சட்டை இல்லை. சட்டைப் பை என்ற பேச்சுக்கே இடமில்லை. இடுப்பில் குழந்தை. மறுகையில் ஈரத் துணி மூட்டை. இவரிடம் ஒரு காகிதச் சீட்டைக் கொடுத்து, "பத்திரமா வச்சிருங்க, சாயங்காலம் ஆறு மணிக்குக் காட்டணும்" என்று சொன்னால் எங்கே வைப்பார்? மடியில் செருகினால் நனைந்து கூழாகும். மூட்டைக்குள் வைத்தால் வேண்டிய நேரத்தில் கைக்கு வராது. மனைவியிடம் கொடுத்துவைத்தால், அந்தக் கூட்டத்தில் அவரைத் தேடுவது தனி வேலை.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் திருமலை திருப்பதி தேவஸ்தானம் கொண்டுவந்த சுதர்சனம் டோக்கனை நான் கொண்டாடுவது இந்த இடத்தில்தான். கணினி போட்டுக் கொடுத்த அந்த டோக்கன், மணிக்கட்டில் கட்டிவிடும் பட்டையாக வந்தது. நனையலாம், கவலையில்லை. தொலையாது. கைமாறாது. வைத்த இடம் மறக்காது. இரு கைகளும் குழந்தைக்கும் மூட்டைக்கும் விடுதலை. ஊர் திரும்பி இரண்டு நாள் ஆன பிறகும் அதைக் கழற்ற விடாமல் அடம்பிடித்த பிள்ளைகள் நம் வீடுகளில் இருந்தார்கள்.

பட்டையில் இருந்த எழுத்தைப் பாருங்கள். அதற்கு இரண்டு வாசகர்கள். கோடுகோடாக இருந்த பார்கோடு இயந்திரத்துக்கு. தேதியும் நேரமும் மனிதருக்கு. இயந்திரம் படிக்க வேண்டியதை மனிதன் தலையில் கட்டவில்லை, மனிதன் படிக்க வேண்டியதை இயந்திரத்துக்குள் ஒளித்துவைக்கவும் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி என்ன செய்வார்? கையை நீட்டுவார். எதிரே வருகிற ஸ்ரீவாரி சேவகரோ, பக்கத்து ஊர்க்காரரோ, முன்பின் தெரியாத கன்னடத்துக்காரரோ பார்த்து, "ஆறு மணிக்கும்மா" என்று விரல் காட்டிச் சொல்லிவிடலாம். உதவி கேட்பதற்கு அவருக்கு ஒரு சொல்கூடத் தேவையில்லை.

கணினியை மக்களுக்கு எளிதாக்குவது என்று பேச்சு வந்தால் பெரும்பாலும் திரையைப் பற்றியே பேசுகிறார்கள்: பொத்தான் எங்கே, நிறம் என்ன, எழுத்து எத்தனை பெரிது என்று. அவையெல்லாம் வேண்டியவைதான். ஆனால் திருமலையில் கணினி முடிவது திரையில் இல்லை. ஒரு மனிதரின் மணிக்கட்டில் முடிகிறது. அந்தக் கடைசி ஒரு சாணை யோசித்தவர் யாராக இருந்தாலும், அவர் புஷ்கரிணிக் கரையில் நின்று பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

சரி, அந்தப் பட்டை சொன்ன சேதிதான் என்ன? ஒரு நேரம். அவ்வளவுதான். அந்த ஒரு நேரத்தின் அருமை தெரிய வேண்டுமானால், நேரம் சொல்லாத காத்திருப்பை அனுபவித்திருக்க வேண்டும்.

வைகுண்டம் க்யூ காம்ப்ளெக்ஸில் தர்ம தரிசனத்துக்குப் போனவர்களுக்கு அது தெரியும். கம்பார்ட்மெண்டுக்குள் உட்கார வைத்துக் கதவைச் சாத்துவார்கள். பால் வரும், அன்னபிரசாதம் வரும். கதவு திறக்கும் ஓசைக்கு நூறு பேர் ஒரே நேரத்தில் எழுந்து நிற்பார்கள். திறந்தது அடுத்த அறையின் கதவு என்று தெரிந்ததும் உட்காருவார்கள். பசிக்கு வழி உண்டு, களைப்புக்கு வழி உண்டு, "எப்போது" என்ற கேள்விக்கு மட்டும் வழியில்லை. டேவிட் மைஸ்டர் என்ற மேலாண்மை அறிஞர் 1985-இல் காத்திருப்பின் உளவியலைப் பற்றி எழுதிய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. எப்போது முடியும் என்று தெரியாத காத்திருப்பு, முடிவு தெரிந்த காத்திருப்பைவிட நீளமாகத் தோன்றும் என்பது அதில் உள்ள கருத்துகளுள் ஒன்று. கம்பார்ட்மெண்டில் ஒரு ராத்திரி கழித்த எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

நேரத்தை முன்கூட்டிச் சொல்லிவிட்டால் என்ன ஆகிறது? வரிசை அப்படியே இருக்கிறது, ஆள் மட்டும் வெளியே வந்துவிடுகிறார். அவருடைய இடத்தைக் கணினி நின்று காக்கிறது. அவர் பாபவிநாசம் போய்வரலாம், வெங்கமாம்பா அன்னதானக் கூடத்தில் சாப்பிடலாம், ஒரு மரத்தடியில் துண்டை விரித்துத் தூங்கலாம். அமெரிக்காவின் டிஸ்னி பூங்காக்கள் இதே யோசனையை 'ஃபாஸ்ட்பாஸ்' என்ற பெயரில் 1999-இல் கொண்டுவந்தன. அங்கே விளையாட்டு ராட்டினத்துக்கு. இங்கே நாளொன்றுக்கு அறுபதாயிரம், எழுபதாயிரம் பேர் வரும் ஒரு சந்நிதிக்கு. பெரிய வேலை எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

டோக்கன் இல்லாமல் வருகிறவர்களுக்கும் ஒரு அளவுகோல் உண்டு. அதைத் தமிழ் நாளிதழ் வாசகர்கள் தினமும் பார்க்கிறார்கள்: "31 அறைகளும் நிரம்பி, வெளியே சிலாதோரணம் வரை பக்தர்கள் வரிசையில் காத்திருக்கின்றனர்; தரிசனத்துக்கு இத்தனை மணி நேரம் ஆகிறது." இந்த ஒரு வாக்கியத்தின் அமைப்பைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். முதலில் எண்ணிக்கை. அடுத்து ஓர் இடத்தின் பெயர். கடைசியில் மணி. புதிதாகப் போகிறவருக்குக் கடைசிச் சொல் போதும். பத்து முறை போனவருக்கு "சிலாதோரணம் வரை" என்றாலே மனத்தில் படம் விரிந்துவிடும். பாறை வளைவும், அதற்குக் கீழே வளைந்து போகிற கம்பித் தடுப்பும் தெரியும். ஒரே செய்தி, வேறு வேறு ஆட்களுக்கு வேறு வேறு விதமாகச் சொல்லப்படுகிறது. இதை ஒரு திரையில் வரைந்து காட்டச் சொன்னால் வட்டமும் கட்டமும் போட்டு நிரப்பிவிடுவார்கள். நம் செய்தியாளர்கள் பல ஆண்டுகளாக ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள்.

2017 டிசம்பரில் நேரம் குறித்த சர்வ தரிசன டோக்கன் சோதனை முறையில் வந்தது. ஆதார் அட்டையைக் காட்டினால் இலவசமாக ஒரு டோக்கன். அதில் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று இருக்கும். இதில் என் மனத்தைக் கவர்ந்தது டோக்கனைவிட, அதைக் கொடுக்கிற இடங்கள். ரயிலில் வருகிறவர் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே விஷ்ணு நிவாசம். பேருந்தில் வந்து இறங்குகிறவருக்கு எதிரே ஸ்ரீநிவாசம். சொந்த வண்டியிலோ அலிபிரிப் பாதையில் நடந்தோ மலைக்குப் போகிறவர் எப்படியும் தாண்டியாக வேண்டிய அலிபிரியில் பூதேவி காம்ப்ளெக்ஸ். மூன்று இடங்களிலும் கவுன்டர். வேலூரிலிருந்தோ சித்தூரிலிருந்தோ முதல்முறை வருகிற குடும்பம் யாரையும் வழி கேட்க வேண்டாம். தானாகக் கால் போகும் இடத்தில் கவுன்டர் நிற்கிறது. ஒரு செயலியில் முக்கியமான பொத்தானைக் கட்டைவிரல் இயல்பாக எட்டும் இடத்தில் வை என்று இன்று பாடம் நடத்துகிறார்கள். திருப்பதி ஊரையே ஒரு திரையாகப் பாவித்தால், இந்த மூன்று கட்டடங்களும் கட்டைவிரலுக்கு அடியில்தான் இருக்கின்றன.

நடந்து ஏறுகிறவர்களின் கதை இன்னும் அழகு. அலிபிரிப் பாதையில் 3,550 படிகள். ஸ்ரீவாரி மெட்டுப் பாதையில் 2,388. நடந்தே வருகிறவர்களுக்குத் திவ்ய தரிசன டோக்கன் என்று ஒன்று உண்டு. அதைக் கீழேயே கொடுத்துவிட்டால் வாங்கிக்கொண்டு பேருந்தில் ஏறிவிடுகிறவர்கள் இருப்பார்கள். மேலே போன பிறகு கொடுப்பதென்றால், நடந்தாரா இல்லையா என்று யார் சொல்வது? 2023 ஏப்ரலில் இந்த டோக்கன் மறுபடியும் வந்தபோது, அலிபிரிப் பாதைக்கு நாளொன்றுக்கு 10,000, ஸ்ரீவாரி மெட்டுக்கு 5,000 என்று வைத்து, படிக்கட்டின் நடுவழியில் கொடுத்தார்கள். அலிபிரியில் அது காலி கோபுரம். மூச்சு வாங்கி எல்லோரும் தாமாகவே நிற்கிற இடம். சுண்டலும் மோரும் விற்கிற இடம். அங்கே நின்று டோக்கன் வாங்குவது யாருக்கும் ஒரு சோதனையாகத் தோன்றாது. இளைப்பாறலோடு இளைப்பாறலாக முடிந்துவிடும். பிறகு வந்த மாற்றங்களில் கொடுக்கும் இடம் கீழே போனபோதும், நடுவழியில் சரிபார்க்கும் வழக்கம் தொடர்ந்தது. நேர்மையாக நடக்கிறவரிடம் "நீ நிஜமாக நடந்தாயா" என்று ஒரு கேள்விகூடக் கேட்காமல், நேர்மையில்லாதவரை மட்டும் வடிகட்டுகிற அமைப்பு இது. பாதுகாப்பு என்ற பெயரில் எல்லோரையும் சந்தேகப்பட்டு ஏழு கேள்வி கேட்கிற தளங்களைச் செய்கிறவர்கள் காலி கோபுரத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு வரலாம்.

இதே பாதையில் இன்னொன்றும் உண்டு. அலிபிரியில் மூட்டை முடிச்சுகளைக் கொடுத்துவிட்டு ஏறலாம்; அவை வண்டியில் மேலே வந்து சேரும். கொடுத்த இடத்துக்கே திரும்பி வந்து வாங்கிக்கொள் என்று சொல்லியிருந்தால் அமைப்பவருக்கு வேலை குறைந்திருக்கும். நடக்கிறவர் திரும்பிக் கீழே வரப்போவதில்லை என்பதை நினைவில் வைத்ததால் பை அவரைத் தேடி மேலே போகிறது. தங்கும் அறையிலும் இந்த மனசு தெரிகிறது. பதிவு செய்துவிட்டுக் கவுன்டர் வாசலில் தவம் கிடக்க வேண்டாம்; அறை ஒதுக்கியதும் எந்த விசாரணை அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று கைபேசிக்குச் செய்தி வந்துவிடும்.

இப்போது இணையத்துக்கு வருவோம். முந்நூறு ரூபாய் டிக்கெட் என்று நாம் சொல்கிற சிறப்பு நுழைவு தரிசனம் வழக்கமாக மூன்று மாதம் முன்னதாக, மாதத்தின் 24-ஆம் தேதியை ஒட்டி, காலை பத்து மணிக்குத் திறக்கும். அன்று பத்தடிக்கும்போது தமிழ்நாட்டில் எத்தனை வீடுகளில் எத்தனை கைபேசிகள் ஒரே பக்கத்தை நோக்கிக் குவியும் என்பதை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. பேரன் கைபேசியோடு நிற்பான்; தாத்தா பக்கத்தில் ஆதார் அட்டைகளை விசிறியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்தத் திரளைத் தளம் எப்படி எதிர்கொள்கிறது? நம்மை ஒரு காத்திருப்புப் பக்கத்தில் உட்கார வைத்து, இன்னும் இத்தனை நிமிடம் என்று காட்டுகிறது. கம்பார்ட்மெண்ட்தான் இதுவும். ஆனால் சுவரில் கடிகாரம் மாட்டிய கம்பார்ட்மெண்ட்.

உள்ளே போனால் ஒரு நாட்காட்டி. அதில் நான் ரசிக்கிற இடம், டிக்கெட் இல்லாத நாட்களை இரண்டாகப் பிரித்துக் காட்டுவது. கோட்டா தீர்ந்துபோன நாள் வேறு. கோட்டா இன்னும் வெளியிடப்படாத நாள் வேறு. இரண்டிலும் இன்று டிக்கெட் கிடைக்காதுதான். சோம்பேறித்தனமாகச் செய்திருந்தால் இரண்டையும் ஒரே சாம்பல் நிறத்தில் மங்கலாக்கி, "இல்லை" என்று முடித்திருக்கலாம். ஆனால் முதல் "இல்லை"யைக் கேட்டவர் வேறு தேதி பார்க்க வேண்டும். இரண்டாவது "இல்லை"யைக் கேட்டவர் காத்திருக்க வேண்டும். கேட்டவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது "இல்லை"யிலேயே இருக்கிறது. "இல்லை" என்று சொல்வதில் இத்தனை மரியாதை வைக்க முடியும் என்பதை நம் அலுவலகங்கள் பலவும் இனிமேல்தான் கற்க வேண்டும்.

யாத்ரீகரின் விவரம் கேட்கும் இடமும் சிக்கனமானது. பெயர், வயது, பாலினம், எந்த அடையாள அட்டை, அதன் எண். ஒரே முறையில் ஆறு பேர் வரை. பெயருக்கு ஒரே பெட்டி. தமிழ் வாசகருக்கு இந்த ஒரே பெட்டியின் அருமை தெரியும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது; அப்பா பெயரின் முதலெழுத்துதான். வேறொரு சேவைத் தளத்தில், முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு பெட்டிகளை வைத்துக்கொண்டு என் அம்மாவின் பெயரைப் பதிவு செய்ய நான் பட்ட பாடு மறக்காது. கடைசிப் பெயரில் குறைந்தது மூன்று எழுத்து வேண்டும் என்றது அது. ஒற்றை 'ர'வை மூன்றாக்கி எழுதினேன். சீட்டில் "ரரர" என்று வந்தது. அறுபத்தெட்டு வருஷம் தூக்கிச் சுமந்த பெயரை அப்படிப் பார்த்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சீட்டை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். மனிதர்கள் தங்கள் பெயரை எப்படி வைத்திருக்கிறார்களோ அப்படியே வாங்கிக்கொள்வது சின்ன விஷயமாகத் தெரியலாம். எனக்கு அது பெரிய விஷயம்.

ஆனால் எல்லாவற்றையும்விட நான் வியப்பது குலுக்கலை. கட்டணம் செலுத்திக் கலந்துகொள்ளும் ஆர்ஜித சேவைகளில் சிலவற்றுக்கு மாதத்தின் 18-ஆம் தேதி காலை 10 மணி முதல் 20-ஆம் தேதி காலை 10 மணி வரை பெயரைப் பதிவு செய்யலாம். பிறகு கணினி குலுக்கிப் போடும். பெயர் வந்தவர் பணம் கட்ட வேண்டும். நாற்பத்தெட்டு மணி நேரம்! கிராமத்தில் சிக்னலுக்காக மாடிக்கு ஏறுகிறவரும், கண்ணாடியைத் தேடி எடுத்து ஒவ்வோர் எழுத்தாக அடிக்கிறவரும், பெங்களூரில் அதிவேக இணைப்போடு உட்கார்ந்திருப்பவரும் அந்த நாற்பத்தெட்டு மணிக்குள் ஒன்றாகிவிடுகிறார்கள். முந்தியவருக்கே முதலிடம் என்ற விதி நியாயமானது போலத் தோன்றும். உண்மையில் அது வேகமான விரலுக்கும் வேகமான கம்பிக்கும் தரும் பரிசு. எழுபது வயதுக்காரரை இருபது வயதுக்காரரோடு ஓடவிடாமல் இருப்பதைவிட எளிமை வேறென்ன இருக்கிறது?

ஓடவிட்டால் என்ன ஆகும் என்பதும் திருப்பதியிலேயே நடந்திருக்கிறது. 2025 ஜனவரி 8 இரவு, வைகுண்ட ஏகாதசி டோக்கன் வாங்க பைராகிப்பட்டடைப் பகுதியில் திரண்ட கூட்டத்தின் நெரிசலில் 6 பேர் இறந்தார்கள். டோக்கன் மறுநாள் விடியற்காலைக்குத்தான். மக்களோ முந்தின நாளே வந்து நின்றார்கள். வரிசையை ஒழிக்க வந்த டோக்கனுக்கே ஒரு வரிசை. ஊரின் மூன்று முனைகளில் கவுன்டரை வைத்த அதே கை, முந்தியவருக்கே முதலிடம் என்ற விதியை அந்த நாட்களுக்கு மட்டுமாவது மாற்றியிருக்க வேண்டும். அது பிழை, உயிரைக் கொண்டுபோன பிழை. அதற்கு அடுத்த வைகுண்ட ஏகாதசிக்கு, 2025 டிசம்பர் 30, 31, 2026 ஜனவரி 1 ஆகிய முதல் மூன்று நாட்களின் தரிசனத்தை மின்குலுக்கலில் கொடுத்தார்கள். பதிவு செய்யப் பல நாள் அவகாசம். வீட்டில் உட்கார்ந்தே செய்யலாம். இந்த மாற்றத்தைப் பாராட்டும்போதே அந்த ஆறு பேரை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

மலையை விட்டு இறங்கிச் சித்தூருக்குப் போவோம். 1911 ஏப்ரல் 1-இல் பிறந்த மாவட்டம் அது. அன்று சென்னை மாகாணத்தின் பகுதி. நூறு வருஷம் கழித்து, 2011 நவம்பர் 4-இல், மீ சேவா என்ற திட்டத்தை ஒன்றுபட்ட ஆந்திரம் முதலில் இந்த மாவட்டத்தில்தான் தொடங்கியது. அப்போதைய முதலமைச்சர் கிரண்குமார் ரெட்டி இதே மாவட்டத்தின் பீலேரு தொகுதிக்காரர். வருவாய், பத்திரப் பதிவு ஆகிய இரண்டு துறைகளில் மக்கள் மிகுதியாகக் கேட்கிற 10 சேவைகள். 'மீ' என்றால் தெலுங்கில் 'உங்கள்'. நம் இ-சேவை மையத்தைப் பார்த்தவர்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை என்று தோன்றலாம். ஒன்று இருக்கிறது.

நில ஆவணத்தின் நகல் ஒன்றைக் கேட்டு விவசாயி வருகிறார். அதில் தாசில்தாரின் கையெழுத்து வேண்டும். கையெழுத்துக்காக அந்தக் காகிதம் மேசை மேசையாகப் போகும். அதன் பின்னாலேயே விவசாயியும் போவார். தாசில்தார் ஜமாபந்தியில் இருப்பார், அல்லது கூட்டத்துக்குப் போயிருப்பார். மீ சேவா அமைத்தவர்கள் இந்தப் பயணத்தை வேகப்படுத்தப் பார்க்கவில்லை. யாரும் கேட்பதற்கு முன்னாலேயே ஆவணங்களைக் கணினியில் ஏற்றி, அவற்றில் அதிகாரியின் மின்கையொப்பத்தை மொத்தமாக இட்டு வைத்துவிட்டார்கள். விவசாயி கவுன்டருக்கு வரும்போது கையெழுத்து ஏற்கெனவே காத்திருக்கிறது. மலையில் மனிதருடைய இடத்தைக் கணினி நின்று காத்தது. இங்கே அதிகாரியின் இடத்தில் அவருடைய கையொப்பம் நிற்கிறது. இப்படித் தயாராக உள்ள சேவைகளுக்குக் கால் மணி நேரம் என்று கெடு. சான்றிதழ் தனித்தாளில், ஹாலோகிராம் ஒட்டி வரும். அதன் எண்ணைக் கொண்டு வேறு அலுவலகமும் அது மெய்யா என்று பார்த்துக்கொள்ளலாம். வட்ட முத்திரையும் நீல மையும் இல்லாத அந்தத் தாளைக் கையில் வாங்கிய முதல் தலைமுறைக்கு நம்பிக்கை வர ஹாலோகிராமின் மினுமினுப்பு உதவியிருக்கும் என்று நினைக்கிறேன். கண்ணுக்குத் தெரியாத மின்கையொப்பத்துக்குக் கண்ணுக்குத் தெரிகிற ஒரு துணை.

கவுன்டரில் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பதையும் நான் குறையாகப் பார்க்கவில்லை. எல்லைப்புற மாவட்டம், வீட்டில் தமிழும் வெளியே தெலுங்குமாக வாழ்கிற குடும்பங்கள் ஏராளம். தெலுங்கு பேசத் தெரிந்து எழுத்துத் தெரியாதவர்கள் உண்டு. திரை எந்த மொழியில் இருந்தாலும், எதிரே இருக்கிற பெண் "செப்பண்ணா" என்று தொடங்கி, முகத்தைப் பார்த்ததும் "சொல்லுங்கண்ணா" என்று மாறுகிறாரே, அந்த மாற்றத்தை இன்னும் எந்த மென்பொருளும் அவ்வளவு இயல்பாகச் செய்யவில்லை.

2025 ஜனவரி 30-இல் ஆந்திர அரசு வாட்ஸ்அப்பில் 'மன மித்ரா' என்ற சேவையை 161 சேவைகளோடு தொடங்கியது. 'நம் நண்பன்' என்று பொருள். திருமலைத் தகவல்களும் பிறகு அதில் சேர்ந்தன. சர்வ தரிசன வரிசை இப்போது எப்படி இருக்கிறது? நேரம் குறித்த டோக்கன் இன்று இருக்கிறதா? நன்கொடை தருபவர்களுக்கான ஸ்ரீவாணி டிக்கெட் நிலவரம் என்ன? அறைக்குக் கட்டிய முன்பணம் திரும்ப வந்ததா? இந்த நான்காவது கேள்வியைச் சேர்த்தவருக்கு என் வணக்கம். தரிசனம் முடிந்து, லட்டு பங்கு போட்டு, வேலைக்கும் திரும்பிவிட்ட குடும்பத் தலைவரின் மனத்தில் மிச்சமிருக்கிற ஒரே கேள்வி அதுதான். யாத்திரை எங்கே முடிகிறது என்று பெரியவர்களைக் கேட்டால் கருடாழ்வார் சந்நிதி என்பார்கள், கீழ்த் திருப்பதி கோவிந்தராஜர் என்பார்கள், திருச்சானூர் தாயார் என்பார்கள். வீட்டுக் கணக்கு எழுதுகிறவருக்கு அது முன்பணம் கணக்கில் ஏறும் அன்று முடிகிறது. அவரையும் யாத்ரீகராக மதித்திருக்கிறார்கள்.

புதிய செயலி எதையும் இறக்கச் சொல்லாமல், மக்கள் பேரன் படத்தைப் பார்க்கத் திறக்கிற அதே வாட்ஸ்அப்பில் கொண்டுவந்து வைத்ததும் நல்ல முடிவு. தெரிந்த வாசல் வழியே புது வீட்டுக்குள் நுழைவது போல.

கடைசியில் எல்லாம் போய்ச் சேருவது கருவறை வாசலான குலசேகரப் படிக்கு எதிரே கிடைக்கிற சில நொடிகளில். "ஜருகண்டி, ஜருகண்டி" என்ற குரல். நகருங்கள் என்று பொருள். தெலுங்கு அறியாத தமிழரும் மராட்டியரும் வடநாட்டவரும் அந்த ஒரு சொல்லை மட்டும் கற்றுக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். அந்தச் சில நொடியைக் கணினியால் நீட்டித் தர முடியாது. அதற்கு முன்னால் இருக்கிற பன்னிரண்டு மணி நேரத்தை மட்டும் திருப்பித் தர முடியும். குழந்தை அழாமல், முதியவர் மயங்காமல், கால் வீங்காமல் அந்தப் படிக்கு எதிரே வந்து நிற்பவருக்கு நொடி போதுமானதாகிவிடுகிறது.

பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களில் மென்பொருள் எழுதுகிற தம்பி தங்கைகள் பலர் சனிக்கிழமை இரவு திருப்பதிக்கு வண்டி ஏறுகிறவர்கள்தான். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை போகும்போது, விஷ்ணு நிவாசத்தின் முன்னால் ஒரு மணி நேரம் சும்மா நில்லுங்கள். டோக்கனை வாங்கி வெளியே வருகிறவர்கள் அதில் முதலில் எதைத் தேடுகிறார்கள், யாரிடம் காட்டிக் கேட்கிறார்கள், எங்கே செருகிக்கொள்கிறார்கள் என்று பாருங்கள். திங்கட்கிழமை காலை உங்கள் திரையைத் திறக்கும்போது அந்தக் கைகள் கண்முன்னால் இருக்கட்டும்.